மூன்றாம் தண்ணீர் வரை காத்திருந்தோம்

அண்ணனைக் குடியிலிருந்து மீட்கலாம் என்று எனக்கு முதலில் தோன்றியது ஒரு பிற்பகலில், ஓடும் பஸ்ஸில். நான் தட்டச்சு வகுப்பு முடிந்து ஏறியிருந்தேன். அவர் முதல் ஷிப்ட் முடிந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்குக்கு ஒரு நிறுத்தம் முன்னால், முந்திரிக்காட்டு ஓரத்தில், இறங்குவதற்காக எழுந்தார். மதுவிலக்கு இருந்த நாளிலும் அந்தக் காட்டுக்குள் சாராயப் பானை இருந்தது. நான் யோசிக்காமல் பையிலிருந்த வேர்க்கடலையை அவர் கையில் கொட்டி, வகுப்பில் நடந்த வேடிக்கையொன்றைச் சொல்லத் தொடங்கினேன். கடலை தீர்வதற்குள் பஸ் காட்டைக் கடந்துவிட்டது. அன்று அவர் குடிக்கவில்லை. இவ்வளவுதானா என்று வியந்தேன். உலை கொதிக்கிற நேரம் தாக்குப்பிடித்தால் அந்த ஆசை தானே அடங்குகிறதே!

அண்ணன் திருவதிகையை அடுத்த சிற்றூரில், நிலமில்லாத கூலிக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கம் தோண்டத் தொடங்கியதும் கான்ட்ராக்ட் ஆளாக வந்து, பின்பு பர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் எங்கள் எல்லோரையும் அழைத்துக்கொண்டார். தங்கையான என்னைப் பாப்பா என்றே அழைத்து, எஸ்.எஸ்.எல்.சி. வரை படிக்கவைத்தவர் அவரே. சேற்றில் இடுப்பளவு நின்று தண்ணீர் இறைக்கும் குழாய்களைப் பூட்டுவது அவருடைய வேலை. குளிருக்கு என்று உடன் வேலை செய்தவர்கள் கொடுத்த முதல் குவளை, மழைக்காலம் முடிந்த பிறகும் நிற்கவில்லை.

பஸ்ஸில் தோன்றியதை நான் உடனே முறையாக்கினேன். எந்த நாளில் மனம் அலைகிறது என்று அவரையே சொல்லச் சொன்னேன். பசித்த நாள், மேஸ்திரி ஏசிய நாள், தனியாக நடந்த நாள் என்றார். ஆகவே ஷிப்ட் முடிகையில் வயிற்றில் ஏதாவது இருக்க வேண்டும், பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும், மனம் கேட்டால் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். ஐந்து மாதம் அவர் தொடவில்லை. அண்ணி முகம் தெளிந்தது.

ஐந்து மாதம் எனக்குப் போதவில்லை. நான் கண்டுபிடித்ததற்கு முத்திரை வேண்டுமென்று நினைத்தேன். குலதெய்வக் கோயிலில், மூன்று வயது மகளை அவர் மடியில் உட்காரவைத்து, கற்பூரம் ஏற்றி, அடித்து அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன்.

"சத்தியம்லாம் வாணாம் பாப்பா. இன்னைக்கிக் குடிக்கல, அத்தக் கேளு, சொல்றேன். நாளைக்கி உள்ளத நாளைக்கிக் கேளு."

"அப்ப மறுபடியும் குடிக்கணும்னு மனசுல வெச்சிகினு இருக்கியா?" என்றேன், உறவினர் அத்தனை பேர் முன்னிலையில். அவர் கற்பூரத்தை அடித்து அணைத்தார்.

இரண்டு மாதம் கழித்து உடன் வேலை செய்த ஒருவர் காய்ச்சலில் இறந்தார். சுடுகாட்டிலிருந்து திரும்பும் வழியில் அண்ணன் ஒரு குவளை குடித்துவிட்டார். நேரே வீட்டுக்கு வந்து என்னிடமே சொன்னார், நான் சொல்லிக்கொடுத்தபடியே. நான் அவரைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டிய நேரம் அது. அதற்குப் பதில், பெற்ற பிள்ளையை மடியில் வைத்துச் செய்த சத்தியமாயிற்றே என்று கத்தினேன்.

மூன்றாம் நாள் குழந்தைக்கு அம்மை கண்டது. சத்தியத்தை மீறி, பெற்றவனே அம்மையை வாங்கிவந்து கொடுத்துவிட்டான் என்று பெரியம்மா சொன்னார். அம்மை கண்ட வீட்டில் குடித்த வாய் நுழையக்கூடாது என்று அப்பா வாசலை மறித்தார். அண்ணன் வேலிக்கு வெளியே நின்றார்.

"பாப்பா, புள்ள கண்ணு முழிச்சிதா?"

"ஒங் கொரலு கேட்டாலே அவளுக்கு ஆவாது. போ," என்றேன்.

போனார். முந்திரிக்காட்டுக்குத்தான்.

அம்மை இறங்கத் தலைக்கு ஊற்றும் மூன்று தண்ணீரில் முதல் தண்ணீர் ஊற்றிய அன்றே குழந்தை சோறு கேட்டு அழுதாள், ஆபத்து நீங்கிவிட்டது. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பலாம் என்று அண்ணி கெஞ்சினார். மூன்றாம் தண்ணீர் ஊற்றாமல் அம்மை இறங்கியதாகச் சொல்லக்கூடாது என்றார்கள் பெரியவர்கள். இந்த வழக்கத்தில் நம்பிக்கையில்லாத நான், அதைவிடக் கொடிய காரணம் சொன்னேன்: பயத்திலாவது திருந்தட்டும்.

மூன்றாம் தண்ணீருக்கு முந்தின நாள் காலையில், காட்டில் இறந்துகிடந்த அவரை அவருடைய ஷிப்ட் ஆட்கள் நால்வர் கயிற்றுக் கட்டிலில் தூக்கிவந்தார்கள். கடைசி நாட்களில் எங்கள் பிளாக்கிலிருந்து யார் வந்தாலும் அவர் கேட்டது ஒன்றுதானாம்: "எங்க வூட்ல அழுவுற சத்தம் கேட்டுதா?"

தூக்கிவந்த அந்த நால்வருக்கும், காரியம் முடியும்வரை எங்களுக்குச் சமைத்துப்போட்ட எதிர்வீட்டாருக்கும், அண்ணிக்குத் துணையிருந்தோர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. அவரைக் குடிகாரன் என்று மட்டும் நினைத்திருப்பவர்களும் அவர் நினைவாக வெளியிடும் இம்மலரைப் பெறுவீர்கள். ஒரு தடவை சறுக்கியவர் அவர். எழுந்து வர இருந்த ஒரே வழியை அடைத்தவர்கள் நாங்கள். எல்லோருக்கும் முந்தி நான்.

அந்த நால்வரில் ஒருவர் எழுபது நாள் குடிக்காமல் இருந்தார். முந்தாநாள் சறுக்கிவிட்டார். வெட்கப்பட்டு வீட்டுக்குப் போகாமல் காட்டிலேயே கிடக்கிறாராம். நாளைக் காலை போய் அழைத்து வரப்போகிறோம். சத்தியம் கேட்கப்போவதில்லை, கணக்கை ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினால் போதும். அப்பாவும் வருகிறார். "போயி இன்னாம்மா சொல்றது?" என்று கேட்டார். சோறு ஆறிப்போகுது, எழுந்து வா என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். கூடத்தில் நின்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். விடிவதற்குள் இன்னும் சொல்லிப் பார்ப்பார்.