மதியத்தில் கழுவக் கூடாது

என் சமையலறை இழுப்பறையில் தொலைநகலில் வந்த ஒரு பழைய பக்ஸ் தாள் கிடக்கிறது. அந்தக் காலத்து வழுவழுப்பான தாள். சும்மா வைத்திருந்தாலே எழுத்து வெளிறிப்போகும். அதில் வலமிருந்து இடமாக மூன்று வரி அரபு எழுத்து இருந்தது. இப்போது யன்னலோரம் பிடித்து உற்றுப் பார்த்தால்தான் ஏதோ எழுதியிருந்தது தெரியும். என் மகன் இரண்டு தரம் அதைக் குப்பையில் போட்டு, இரண்டு தரமும் ஏச்சு வாங்கினான். அதை எழுதியவர் அரபு நாட்டுக்காரர் அல்ல. யாழ்ப்பாணத்துக்காரர்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கனடாவின் மார்க்கம் நகரில் சோலார் பனல் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். ஸ்காபரோவிலிருந்து ஒரே வான் வண்டியில் ஆறு பெண்கள் போவோம். ஆறு பேருக்கும் ஒரே மேசை. குனிந்திருந்து செல்லுக்குச் செல் பட்டி வைத்து ஈயம் ஒற்றுவதுதான் வேலை. வெயிலைப் பிடிக்கிற சாமானைச் செய்த அந்த இடத்தில் ஒரு யன்னல்கூட இல்லை. முதலில் வடக்கே ஏரிக்கரை விடுமுறை வீடுகளுக்குத்தான் எங்கள் பனல்கள் போயின. பிறகு வளைகுடா நாடொன்றின் பாலைவனத்திலிருந்து ஓர்டர் வந்தது, தண்ணீர்ப் பம்புகளுக்கும் தொலைபேசிக் கோபுரங்களுக்கும். முதல் மாதம் ஒரு பெட்டி, பிறகு நாலு, பிறகு லொறியே வந்து பின்கதவை அடைத்துக்கொண்டு நின்றது. எண்ணெய் ஊறுகிற நாட்டுக்கு வெயில் கரண்ட் எதற்கு என்று வானுக்குள் கேட்டுச் சிரித்தோம்.

அந்தப் பெட்டிகளைப் பகலில் கட்டியவரை நாங்கள் பக்கிங் அண்ணை என்போம். நாற்பது வயதிருக்கும். மனைவியும் மகளும் ஊரில். அகதி விசாரணைக்குத் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். அது சரிவந்தால்தான் அவர்களைக் கூப்பிடலாம். ஒருநாள் ஈயச் சுருள் எடுக்கப் பின்னால் போனபோது, துண்டுத் தாளில் எதையோ எழுதிப் பெட்டிக்குள் செருகுவதைக் கண்டுவிட்டேன்.

“அண்ணை, உது என்ன எழுத்து?”

“அரபு, தங்கச்சி. ஆரிட்டையும் சொல்லிப்போடாதையும்.”

விஷயம் இதுதான். கனடா வருவதற்கு முன்பு அவர் அதே வளைகுடாவில் ஆறு வருடம் வேலை செய்தவர். எண்ணெய்க் குழாய் நெடுகிலும் இருந்த தொலைபேசிக் கோபுரங்களின் பனல்களைத் துடைப்பது அவர் வேலை. விடிய முன்னர் பனி ஈரம் கண்ணாடியில் இருக்கும்போதே துடைத்து முடித்துவிட வேண்டுமாம். அங்கே தண்ணீருக்கு எங்கே போவது, அந்த ஈரம்தான் தண்ணீர். பிறகு ஊருக்குத் திரும்பி, ஊரில் இருக்க முடியாமல் இங்கே வந்தார். ஏஜென்ட் என்ன சொல்லிக்கொடுத்தான் என்றால், அந்த ஆறு வருடத்தையும் படிவத்தில் காட்டாதே, ஊரில் கூட்டுறவுக் கடையில் நின்றதாக எழுது என்று. இவரும் எழுதிவிட்டார். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் இப்படி ஏஜென்டின் பேச்சைக் கேட்டு, சொல்லத் தேவையில்லாத பொய்யைச் சொல்லி மாட்டினார்கள்.

பெட்டிக்குள் போன அச்சடித்த தாளோ, விடுமுறை வீடுகளுக்காக எழுதியது. பனி இளகும் மதிய நேரத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள் என்று அதில் இருந்தது. பாலைவனத்தில் மதியம் கண்ணாடியில் கைவைக்க முடியாது. அந்தச் சூட்டில் குளிர்தண்ணீர் பட்டால் வெடிக்கும். அண்ணை இதை மேற்பார்வை பார்த்த போர்மனிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். உனக்கு எப்படித் தெரியும் என்று அவன் கேட்டான். வளைகுடாவில் இருந்ததைச் சொன்னால் விசாரணையில் மாட்டவேண்டி வரும் என்று திரும்பி வந்து, அன்றிலிருந்து தன் கையால் எழுதிப் போடத் தொடங்கினார். ‘மதியத்தில் கழுவக் கூடாது. விடிய முன்னர் ஈரத்தோடு துடையுங்கள்.’ மாலை வேளையில் வேறொருவன் கட்டிய பெட்டிகளில் அந்தத் துண்டு இல்லை.

கோடையில் முறைப்பாடு வந்தது. கண்ணாடிகள் கற்கண்டாய் நொறுங்குகின்றன என்று படங்களும் வந்தன. எஞ்சினியர் பார்த்துவிட்டு, ஈயம் தடித்த இடத்தில் கண்ணாடி அழுத்தப்பட்டு வெடிக்கிறது, பிழை மேசையில்தான் என்றார். வெள்ளிக்கிழமையோடு நாங்கள் ஆறு பேரும் வேலையை விட்டு நின்றுவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை பாலைவனத்திலிருந்து, அண்ணையின் துண்டைப் படியெடுத்து, இந்த பக்ஸ் வந்தது. இந்தத் துண்டு கிடந்த பெட்டிகளில் ஒரு பனலும் உடையவில்லை, எழுதியவர் யார் என்று கேட்டிருந்தார்கள். மனேஜர் அதைப் பிடித்துக்கொண்டு மேசை மேசையாக வந்தார். எல்லோரும் தோளைக் குலுக்கினார்கள். அண்ணை பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் பொல்லாத கோபம் வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரம் அவருக்கு முன்னால் போய் இருந்தேன்.

“அண்ணை, வெள்ளிக்கிழமையோட எங்கள் ஆறு பேருக்கும் வேலையில்லை.”

“தெரியும்.”

“நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மகளுக்கு எட்டு வயசு, தங்கச்சி” என்றார். பாதிச் சோற்றோடு பெட்டியை மூடிவிட்டு எழும்பி மனேஜரின் அறைக்குப் போனார். அவர் போயிராவிட்டால் நான் போயிருப்பேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். போயிருப்பேன்.

எங்கள் வேலை தப்பியது. புதுத் தாள் அச்சடித்தார்கள். பாலைவன ஓர்டர் பெருகி, அடுத்த வருடம் இரண்டாவது மேசையும் வந்தது. மனேஜர் நல்ல மனுசன். அந்தச் சந்தோஷத்தில், பாலைவனத்தில் ஆறு வருடம் இருந்த எங்கள் தொழிலாளி என்று அண்ணையின் படத்தைப் போட்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரமே அனுப்பிவிட்டார். அண்ணை அதையும் கொண்டு லோயரிடம் ஓடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். விசாரணை தள்ளிப்போனது, திரும்பவும் தள்ளிப்போனது. கடைசியில் ஏற்றுக்கொண்டார்கள்தான், ஆனால் நாலு வருடம் போய்விட்டது. மனைவியும் மகளும் வந்திறங்கிய அன்று விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். அவர் தூக்குவதற்குக் கைகளை விரித்தார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை கைகுலுக்கக் கை நீட்டினாள்.

தொழிற்சாலை மூடிய அன்று அறிவித்தல் பலகையிலிருந்து இந்த பக்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். இப்போது பாலைவனத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பனல்கள் நிற்பதைத் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். போன மாதம் அஜக்ஸில் என் வீட்டுக் கூரையிலும் பூட்டினார்கள். கூடவே வந்த புத்தகத்தைப் புரட்டினேன். பல மொழிகளில் ஒரே சங்கதி: சூடான நேரத்தில் கழுவக் கூடாது, சூரியன் எழுமுன் ஈரத்தோடு துடையுங்கள். வெளியே கூரையில் முழங்கால் உயரத்துக்குப் பனி.

மில்லிக்கனில் இருக்கும் அண்ணைக்குப் போன் எடுத்தேன். மகள்தான் எடுத்தாள். “அப்பா டிரைவ்வேயில ஸ்னோ தள்ளுறார், அன்ரி. வெயிட் பண்ணுங்கோ.” அவர் மூச்சு வாங்க வந்ததும் வாசித்துக் காட்டினேன்.

“அச்சிலை வந்திட்டுதோ” என்றார்.

“ஓம் அண்ணை. அரபிலையும் கிடக்கு.” பிறகு, இத்தனை வருடமும் சொல்லாததைச் சொன்னேன். “அண்டைக்கு நான் உங்களை அப்பிடி நெருக்கியிருக்கக் கூடாது.”

அவர் சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டுவது கேட்டது.

“விடிய ஏறித் துடைச்சுப்போடாதையும்” என்றார். “கூரை வழுக்கும். உங்கை, உந்தப் பனிக்கு, மத்தியானம்தான் சரி, தங்கச்சி.”

போனை வைத்துவிட்டுப் பேனை எடுத்து, புத்தகத்தில் அந்த வரியை வெட்டி, மேலே ‘மத்தியானம்’ என்று எழுதினேன். அதை பக்ஸ் தாளோடு சேர்த்து இழுப்பறைக்குள் வைத்தேன்.