ஆனையூர் மாவுக் கடையும் மத்தியானக் கரண்டும்

இன்று காலை பதினோரு மணிக்கு என் பிஎச்.டி. வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு!

தெரியாதவர்களுக்கு: மின்சாரம் தயாராகும் விதம் மாறும்போது அதன் விலையும் அரசின் திட்டங்களும் எப்படி மாற வேண்டும் என்பதுதான் என் ஆராய்ச்சி. (எங்கள் வீட்டில் கேட்டால், "கரண்டு பில்லுக்குப் படிக்கிறா" என்பார்கள்.)

நான் எடுத்துக்கொண்ட கேள்வி சின்னதுதான். வெயில் நேரத்தில் சோலார் மின்சாரம் நிறைய வருகிறது. அப்போது விலையைக் குறைத்தால், சாயங்காலம் கிரைண்டர் ஓட்டுகிற இட்லி மாவுக் கடைக்காரர்கள் மத்தியானத்துக்கு மாறுவார்களா?

மதுரையில் ஆனையூரிலிருந்து சமயநல்லூர் வரை கடை கடையாக ஏறி இறங்கிக் கேட்டேன். (பதிலோடு ஆளுக்கொரு பாக்கெட் மாவும் கொடுத்தார்கள். மூன்று மாதம் வீட்டில் இட்லிதான்!)

அநேகமாக எல்லோரும் சொன்ன பதில், மாற மாட்டோம்.

வைவாவில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அதைத்தான் பிடித்துக்கொண்டார்.

"விலை குறைஞ்சா யாரா இருந்தாலும் மாறுவாங்கம்மா. உங்க சர்வே தப்பு. திரும்ப எடுங்க."

திரும்பவா! எனக்குக் கொடுத்த கெடு இந்த மாதத்தோடு முடிகிறது. அஞ்சு வருட உழைப்பும் போச்சு!

அப்புறம் கோபம் வந்தது. நல்லவேளை, வந்தது.

"சார், உங்க வீட்ல மாவு எப்ப அரைப்பீங்க?"

பக்கத்தில் இருந்த என் ஆராய்ச்சி கைடு முறைத்தார். (வைவாவில் கேள்வி கேட்க வேண்டியது அவர்களாம்!)

தேர்வாளர் சிரித்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை மத்தியானம். ஒரு வாரத்துக்கு அரைச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சிருவோம்."

"அதான் சார்! கடைக்காரங்ககிட்ட அம்புட்டு மாவையும் வைக்க ஃப்ரிட்ஜ் இல்ல. மதுரை வெயில்ல மத்தியானம் அரைச்சா, விடியிறதுக்குள்ள புளிச்சுப் பொங்கிரும். ஒரு நாள் புளிச்ச மாவை வித்தா, மறுநாள் சனம் பக்கத்துக் கடைக்குப் போயிரும். கரண்டைச் சும்மா குடுத்தாலும் மாற முடியாது சார்."

தேர்வாளர் விடவில்லை.

"மாறின கடை ஒண்ணாவது இருக்கா?"

"இருக்கு சார். ஆனையூர்ல காதர் பாய் கடை. மாடியில சோலார் போட்டும் சாயங்காலம்தான் அரைச்சுக்கிட்டிருந்தாரு. பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கின மறுநாளே மத்தியானத்துக்கு மாறிட்டாரு."

"அப்ப, விலையைக் குறைச்சா மட்டும் பத்தாது. ஃப்ரிட்ஜுக்கும் மானியம் குடுக்கணும்ங்கிறீங்க?"

"அதுதான் சார் என் கடைசி அத்தியாயம்!"

தேர்வாளர், தன் அறிக்கையில் சர்வேயைத் திரும்ப எடுக்கச் சொல்லி எழுதி வைத்திருந்த வரியை என் கண் முன்னாலேயே அடித்தார். பத்து நிமிடம் கழித்துக் கை நீட்டினார்.

"கங்கிராஜுலேஷன்ஸ், டாக்டர்!"

டாக்டர்! நான்! (ஊசி போட மாட்டேன், வரிசையில் நிற்காதீர்கள்.)

வெளியே வந்ததும் முதல் போன் காதர் பாய்க்குத்தான்.

"பாய், பாஸாயிட்டேன்! உங்க கடைதான் என்னைக் காப்பாத்துச்சு!"

"மாஷா அல்லா! ரொம்பச் சந்தோஷம்மா!" என்றவர் சட்டென்று கேட்டார். "அப்ப மத்த கடைக்காரவங்களுக்கெல்லாம் ஃப்ரிட்ஜு எப்பம்மா வரும்?"

வைவா அறையிலிருந்த பேராசிரியர்கள் யாரும் கேட்காத கேள்வி. டாக்டரம்மா இனிமேல்தான் கேட்டுச் சொல்லணும்!

திங்கட்கிழமை தீசிஸைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போகிறேன். அங்கே முதலில் எந்த அறைக் கதவைத் தட்ட வேண்டும்? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள்!