‘நொமினேட்’ ஆன அப்பா

எங்கள் மீன்பிடிச் சங்கத்தின் செயலாளர் என் அப்பாவிடம் பொய் சொன்னார். எங்கள் குசினியில், எங்கள் கதிரையில் அமர்ந்து, அம்மா காய்ச்சிய நண்டுக்கறியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். அந்த மிளகு வாசத்தை இன்றும் என்னால் சகிக்க முடியாது.

அப்பா உப்புவெளிக் கடற்கரையில் கரைவலை இழுத்தவர். வலைக்கயிற்றில் கொளுவி இழுப்பதற்கு இடுப்பில் கட்டும் பட்டியை "வார்" என்போம். அது இருந்தால்தான் வலையில் இடமும் மீனில் பங்கும். வேறு வேலைக்குப் போகிறவர் வாரை வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் கொடுத்துவிட வேண்டும், கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது எங்கள் கரையின் வழக்கம்.

நான் ஏழாம் வகுப்புப் படித்த வருடம், துறைமுகக் காவலாளி வேலைக்கு அப்பாவை "நொமினேட்" செய்திருப்பதாகச் சங்கத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அகராதியைப் புரட்டிப் பார்த்து, பெயரைப் பிரேரித்திருக்கிறார்கள், வேலை இன்னும் கிடைக்கவில்லை என்று நான் சொன்னேன். அப்பாவுக்கு மனம் கேட்கவில்லை. செயலாளரைச் சாப்பிடக் கூப்பிட்டு, அவர் முன்னால் என்னை மறுபடியும் வாசிக்கச் சொன்னார்.

"பிள்ளை, உந்தப் புத்தகத்தை மூடி வை. நொமினேட் எண்டால் ஆளை எடுத்தாச்சு எண்டுதான் கருத்து" என்றார் செயலாளர். பிறகு அப்பாவிடம், "நீர் நாளைக்கே வாரைக் குடும். கந்தோரில உத்தியோகம் பாக்கிறவன் கயிறு இழுக்கிறதோ?" என்றார்.

அப்பா சிரித்தார். அம்மா செயலாளருக்கு இன்னொரு நண்டு வைத்தார். நான் புத்தகத்தை மூடினேன்.

மறுநாள் அப்பா வாரைக் கொடுத்தார். மூன்றாம் நாள் அது செயலாளருடைய மச்சானின் இடுப்பில் இருந்தது. வெள்ளைச் சேர்ட்டுடன் துறைமுக வாசலுக்கு எத்தனையோ தரம் சைக்கிளில் போய்வந்த அப்பா, வேலை வேறு யாருக்கோ போய்விட்டது என்று தெரிந்த பிறகு, தம்பலகாமத்து நெல்வயல்களில் அருவி வெட்டக் கூலிக்குப் போனார். கடலில் நின்ற உடம்புக்கு வயல் ஒத்துவரவில்லை. பிள்ளை சொன்னதைக் கேட்டிருக்கலாம் என்று ஒருநாளும் அவர் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

இப்போது அப்பா இல்லை. அந்த வலையும் இல்லை. வலை இழுத்த மணலில் உல்லாசப் பயணிகளுக்குச் சாய்கதிரை போட்டிருக்கிறார்கள். செயலாளர் இருக்கிறார். வருகிற பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு அவரை "நொமினேட்" செய்யப் போவதாகச் சங்கச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது.

நானும் வருவேன். செயலாளர் ஐயா, ஒலிவாங்கியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அந்தச் சொல்லின் கருத்தைச் சொல்லுங்கள். எங்கள் குசினியில் இருந்தபோது அது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதையும் அங்கேயே சொல்லுங்கள்.