கூரை பிரித்த லயம்

கல்யாணமாகி நான் முதலில் குடிபோன வீடு மேகத்துக்குள் இருந்தது. கரமனையில், எதிர்வீட்டில் என்ன தாளிக்கிறார்கள் என்பது வரைக்கும் தெரிகிற தெருவில் வளர்ந்தவள் நான். பொன்முடி மலையில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலைத் திறந்தால் எதிரே ஒன்றும் இருக்காது. வெறும் வெள்ளை. சில நாள் அந்த வெள்ளை ஜன்னல் வழியாக உள்ளே வந்து, கூடத்தில் கொஞ்சம் தங்கி, சமையலறைப் பக்கமாக வெளியே போகும். நான் அரிசி களைந்துகொண்டே அதற்கு வழி விட்டு நகர்ந்து நிற்பேன். பகல் முழுக்க அரைத் தூக்கத்தில் இருப்பது போலவே இருக்கும். ஒரு வேலையை ஆரம்பித்தேனா முடித்தேனா என்பதே பல சமயம் நினைவிருக்காது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. தேயிலை எஸ்டேட்டில் வெள்ளைக்கார துரை மட்டும் மாறவில்லை. என் கணவர் அங்கே ஓவர்சியர். எங்கள் கல்யாணத்துக்கு முந்தைய இடவப்பாதியில், வைகாசிப் பாதியில் பிடிக்கிற பெருமழையில், காற்று வந்து மேல் லயத்தின் கூரையைப் பாதிக்கு மேல் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. லயம் என்றால் நீளமான ஒரே கட்டடம். ஒரு அறைக்கு ஒரு குடும்பம். அறைக்கு முன்னால் அடுப்புக்கு ஒரு சின்ன இடம். கொழுந்து கிள்ளுகிறவர்கள் எல்லாரும் மேலும் கீழுமாக இருந்த இப்படிப்பட்ட லயங்களில்தான் இருந்தார்கள். மேல் லயத்துக்குப் பாதிக் கூரை மலைப்புல், மீதி துருப்பிடித்த தகரம். பறக்காமல் இருக்க மேலே கல் ஏற்றி வைத்திருப்பார்கள். ஒரு மழைக்காலத்தை ஒட்டுப்போட்டுக் கழித்தாயிற்று, அடுத்த இடவப்பாதிக்குள் எல்லாவற்றையும் பிரித்துப் புதுக் கூரை போட வேண்டும் என்று துரை சொல்லி, அந்த வேலையை இவரிடம் ஒப்படைத்திருந்தார்.

மத்தியானங்களில் இவர் சாப்பாட்டுப் பலகையில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு கோடு போடுவார். ஓடு வேண்டாம், இந்தக் காற்றுக்கும் குரங்குக்கும் நிற்காது. புல் வேண்டாம், வருஷா வருஷம் மாற்ற வேண்டும். எல்லாம் நெளி தகரம்தான் என்று முடிவாயிற்று.

எங்கள் குவார்ட்டர்ஸும் தகரக் கூரைதான். அதனால் ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. மழையே இல்லாத நாளிலும் விடியற்காலையில் கூரை வேர்க்கும். வெளியே குளிர், உள்ளே எங்கள் மூச்சும் அடுப்புச் சூடும். தகரத்தின் அடிப்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, மூக்கின் மேல் சொட்டும். நான் போர்வையை இழுத்துக்கொண்டு அந்தச் சொட்டு அடுத்து எங்கே விழும் என்று பார்த்தபடியே மறுபடியும் தூங்கிப்போவேன்.

"ஏன்னா, தகரம் போட்டா லயத்திலயும் இப்படித்தானே சொட்டும்? அங்க பச்சைக் குழந்தைகள் இருக்கே" என்றேன் ஒரு நாள்.

"மழை ஒழுகறதுக்கு இது தேவலையாக்கும்" என்றார் தலை நிமிராமல்.

"தகரத்துக்கு அடியில பாய் கட்டினா? கரமனையில அப்பா சாய்ப்புக்கு ஈற்றைப் பாய் கட்டியிருந்தா. சூடு எறங்காம இருந்தது. இதுக்கும் ஆகாதோ?"

"சூட்டுக்குச் செய்யறத குளிருக்குச் செய்யலாம்ங்கறே." சிரித்தார். ஆனால் அடுத்த முறை விதுரா சந்தைக்குப் போன லாரியில் நாணல் மாதிரியான அந்த ஈற்றையில் முடைந்த பாய்கள் சில வந்து இறங்கின. எங்கள் படுக்கையறைக் கூரைக்கு அடியில் ஒரு கையளவு இடைவெளி விட்டுக் கட்டினார். மறுநாள் காலை இருவரும் மல்லாந்து படுத்துச் சொட்டுக்காகக் காத்திருந்தோம். வரவில்லை. இவர் எழுந்து போய்க் காகிதத்தில் பாய்க்கென்று ஒரு கோடு கூடுதலாகப் போட்டார். எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

ஐப்பசியில் பெய்கிற துலா மழை ஓய்ந்ததும் இவர் லயத்தை அளக்கப் போனார். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் மறுநாள் நானும் கூடப் போனேன். கடைசி அறைக்காரி, திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இடுப்பில் இருமுகிற குழந்தையோடு வாசலில் நின்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கும்.

"ஐயா நேத்துலேர்ந்து அளக்காவ. கூரையப் பிரிக்கப் போறாவளாம்மா?" என்று என்னைத்தான் கேட்டாள்.

"ஆமாம். புதுசு போடப் போறா."

"நல்லதுதான். பிரிச்சிட்டா, புதுசு போடுத வரைக்கும் நாங்க புள்ளகுட்டியோட எங்கிட்டும்மா கெடக்கது?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் அளக்கும் நாடாவைச் சுற்றுவதை நிறுத்தினார். கைமரம், கொக்கி ஆணி, முகட்டுத் தகரம் எல்லாவற்றுக்கும் அந்தக் காகிதத்தில் இடம் இருந்தது. இதற்கு இல்லை. துரையிடம் கேட்டபோது, கீழ் லயத்துக்காரர்களோடு சேர்ந்து இருக்கட்டும் என்றாராம். கீழ் லயத்தில் ஏற்கெனவே ஒரு அறையில் ஏழெட்டுப் பேர் படுத்தார்கள். கூரை பிரிப்பது மகரத்தில், நம் தை மாதத்தில்; அந்தப் பனியில் வெளியே படுத்தால் குழந்தைகள் பிழைக்காது.

அந்த வாரம் இவர் சாப்பிடும்போதுகூடக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தேயிலை பாக்டரியை நான் பார்த்ததில்லை என்பதால், ஒரு நாள் சாயங்காலம் அழைத்துக்கொண்டு போனார். மேல்மாடியில்தான் கொழுந்தை வாட்டுவார்கள். ஆள் உயரத்துக்கு மேலே வரை அடுக்கடுக்காகச் சாக்குத் துணியை இழுத்துக் கட்டிய தட்டுகள், மாடியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. கீழேயிருந்து சூடான காற்று மெல்ல வந்துகொண்டிருந்தது. கொழுந்து குறைந்த காலம். பாதிக்கு மேல் காலித் தட்டுகள். நான் கீழ்த்தட்டு ஒன்றின் விளிம்பில் சும்மா உட்கார்ந்தேன். வாடிய இலையின் மணமும் கதகதப்புமாக எனக்குக் கண்ணைச் செருகியது.

"இங்கேயே படுத்துண்டுடலாம் போலிருக்கு" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு தட்டுகளைப் பார்த்தார். பிறகு மறுபடியும் என்னை.

"இன்னொரு தரம் சொல்லு" என்றார்.

லயத்துக்காரர்களை அந்த மாடியில் தங்கவைக்கலாம் என்றதற்கு எதிர்ப்பு, பாக்டரியில் தேயிலை தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கரிடமிருந்து வந்தது. நெடுமங்காட்டுப் பக்கத்து மலையாளி, தமிழும் பேசுவார். கோபக்காரர். எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"சாரே, சாயை எல்லா மணத்தையும் குடிக்கும். மீனும் புகையிலையும் மூத்திரமும் மணத்தால் ஆரு வாங்கும் அந்தச் சாயை? துரை என்னையல்லே பிடிக்கும்?"

"மகர மாசம் உங்க மாடி பாதி காலிதானே. ஒரு பக்கம் மட்டும் குடுங்கோ. நடுவில தார்ப்பாய் கட்டி மறைச்சுடறேன். அடுப்பு மேலே கிடையாது, வெளியில ஷெட் போட்டுத் தரேன்" என்றார் இவர்.

"குழந்தைகளோ?"

நான் உள்ளேயிருந்து, "குழந்தைகள் இருக்கற தட்டுக்கெல்லாம் பழைய சாக்கு போடலாம். அப்புறம் அந்தச் சாக்கை எரிச்சுடலாம்" என்றேன்.

டீ மேக்கர் என் பக்கம் திரும்பவில்லை. சாக்குக் கணக்கை நினைத்தாரோ என்னவோ, தலையைச் சொறிந்துகொண்டே, "துரை சம்மதிச்சால் எனக்கும் சம்மதம்" என்று சொல்லிவிட்டுப் போனார். துரை சம்மதித்தார். வேலை சீக்கிரம் முடியும் என்பது அவருக்குப் பிடித்திருந்தது.

மகரத்தில் மேல் லயம் காலியாயிற்று. பாய், சட்டி, கோழிக்கூடை, சாமி படம் எல்லாம் தலையிலேறி பாக்டரிக்குப் போயின. நான் தினமும் மத்தியானம் அங்கே போய்விடுவேன். மேல்தட்டில் ஆண்பிள்ளைகள், கீழ்த்தட்டில் பெண்களும் சின்னக் குழந்தைகளும். சாக்குத் துணி கொஞ்சம் தொய்ந்து கொடுப்பதால் குழந்தைகளுக்கு எல்லாமே தொட்டில். ஜன்னல்களில் மூடுபனி ஒட்டிக்கொண்டு நிற்கும். யாரோ எங்கோ ஒரு தட்டிலிருந்து தாலாட்டுவார்கள், யார் என்று தெரியாது. சாக்கடைத் தண்ணீர் தகராறில் நெடுநாளாகப் பேசாமலிருந்த இரண்டு பெண்கள் அடுத்தடுத்த தட்டில் படுத்து, வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தார்கள். கடைசி அறைக்காரியின் குழந்தைக்கு அந்தச் சூட்டில் இருமல் தணிந்தது. டீ மேக்கர் காலையில் ஒவ்வொரு தட்டாக மூக்கை நீட்டி மோந்துகொண்டே நடப்பதைப் பார்த்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள்.

கூரையை முழுக்கப் பிரித்த அன்று நான் லயத்துக்குள் நடந்து பார்த்தேன். ஒவ்வொரு அறையிலும் வானம். சுவரெல்லாம் கரி படிந்து, படம் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுப்பாகச் சதுரம் சதுரமாக இருந்தன. ஒரு அடுப்பின் மேல் பனித்துளி. இன்னொரு மூலையில் கடுகு சிதறிக் கிடந்தது. மேகம் ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குச் சுவர் தாண்டிப் போயிற்று. யாருடைய வீட்டிலோ அவர்கள் இல்லாதபோது நிற்கிறேன் என்று உறுத்தியது. இருந்தாலும் அங்கிருந்து போக மனம் வரவில்லை.

புதுக் கைமரங்கள் ஏறின. தகரம் வர வேண்டும். அந்தக் காலத்தில் பெர்மிட் இல்லாமல் தகரம் கிடைக்காது. வருகிறது வருகிறது என்று மகரம் போய்க் கும்ப மாதம் பிறந்துவிட்டது. கடைசியில் லாரி வந்த அன்று, மலைப்பாதையின் கொண்டையூசி வளைவு ஒன்றில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. அன்றைக்கென்று கிழக்கே கறுத்தது. கோடை மழை முன்கூட்டியே வரப்போகிறது. சுவர்கள் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியவை. கூரை இல்லாமல் ஒரு பெரிய மழை நனைந்தால் கரைந்து உட்கார்ந்துவிடும்.

கூலியாட்களுக்கு மேஸ்திரியான கங்காணி கொம்பு ஊதினார். கொழுந்துக் கூடைகளை அப்படியே போட்டுவிட்டு எல்லாரும் வளைவை நோக்கி இறங்கினார்கள். நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஆளுக்கு ஒரு முனையாக, இரண்டிரண்டு பேர் ஒரு தகரத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு மூடுபனிக்குள் மேலே நடந்தார்கள். ஆட்கள் மறைந்து, வெள்ளித் தகடுகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து போவது போல இருந்தது.

கடைசி அறைக்காரி ஒரு தகரத்தின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் புருஷன் மேலே லயத்தில் கைமரத்தின் மேல் இருந்தான். மறுமுனைக்கு ஆளில்லை. நான் போய்த் தூக்கினேன்.

"வேண்டாம்மா, கையக் கிழிச்சிரும். ஐயா ஏசுவாவ."

"ஏசினா எனக்குத்தானே. நட."

தகரத்துக்கு அடியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய குதிகாலும் கொஞ்சம் பாதையும்தான். இரண்டாவது வளைவில் காற்று திரும்பி அடித்தது. தகரம் எங்களையும் சேர்த்துத் தூக்கிற்று. என் கால் ஒரு கணம் தரையில் இல்லை. "உக்காருங்கம்மா, அதும்மேல உக்காருங்க!" என்று கத்தினாள். தகரத்தைப் பாதையில் போட்டு இருவரும் அதன் மேல் ஏறி உட்கார்ந்தோம். காற்று எங்களுக்கு அடியில் புகுந்து படபடவென்று அடித்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. அவளும் சிரித்தாள். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

லயத்தை அடைந்தபோது இவர் ஏணியில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து, என் முனையை வாங்கிக்கொண்டு மேலே ஏறினார். நான் அடுத்ததற்குத் திரும்பினேன்.

மழை வந்தபோது கூரை ஏறக்குறைய மூடியிருந்தது. கீழ்க்கோடி அறைகள் இரண்டுக்கு மட்டும் தகரம் மேலே வந்து சேராமல், ஒரு சுவர் பாதி சரிந்தது. பிறகு அதைக் கட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் இவர், "கையைக் காட்டு" என்றார். உள்ளங்கையில் குறுக்கே கோடு கோடாகக் கிழிந்திருந்தது. தேங்காயெண்ணெயைச் சூடுபண்ணித் தொட்டு வைத்தார்.

"நாளைக்கும் போவியா?"

"தகரம் பாக்கி இருந்தா போவேன்."

"இருக்கு" என்றார்.

நான் லயத்துக்காரர்களோடு தகரம் தூக்கினேன் என்று எஸ்டேட் ஹெட் கிளார்க்கின் மனைவி அதற்குப் பிறகு கொஞ்ச காலம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பின்னால், தானாகவே வர ஆரம்பித்தாள்.

பாய்களையும் கட்டி முடித்து, அடுத்த மாதம் மீனத்தில் எல்லாரும் லயத்துக்குத் திரும்பினார்கள். ஓரிரு பெண்கள், பாக்டரி மாடியிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் என்ன என்று கேட்டார்களாம். சாக்கெல்லாம் எரித்து, தட்டெல்லாம் கழுவி, முதல் தேயிலையைப் போட்டுக் குடித்துப் பார்த்த டீ மேக்கர் இவரை ஓரமாக அழைத்துக்கொண்டு போனார்.

"தலையில் தேய்க்கிற எண்ணெய் மணம் கொஞ்சம் உண்டு சாரே. எனக்கு மட்டும் தெரியும். துரை குடிச்சு, நல்லதாயிருக்கு எந்நு சொன்னார். நான் ஒன்றும் மிண்டவில்லை, வாயைத் திறக்கவில்லை."

இடவப்பாதி அந்த வருஷம் பலமாகவே வந்தது. முதல் பெருங்காற்றில் முகட்டுத் தகரம் ஒன்று கிளம்பிப் போய் ஓடையில் கிடந்தது. அதைக் கொண்டுவந்து மறுபடியும் அறைந்தார்கள். மற்றதெல்லாம் நின்றது. ஒரு மத்தியானம் குடையும் தோற்றுப்போகிற மழையில் மாட்டிக்கொண்டு, நான் கடைசி அறைக்குள் ஓடினேன். அவள் எனக்குத் துண்டு கொடுத்தாள், பால் விடாத கட்டஞ்சாயா கொடுத்தாள். தரை காய்ந்திருந்தது. குழந்தை பாயில் கையை விரித்துத் தூங்கிற்று.

அவள் ஏதோ கேட்டாள். தகரத்தின் மேல் விழுகிற மழையில் காதில் விழவில்லை. "என்ன?" என்றேன். அது அவளுக்கும் கேட்கவில்லை. கையால் சாடை காட்டினாள், எனக்குப் புரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துவிட்டுப் பேச்சை விட்டுவிட்டோம். அவள் சுவரில் சாய்ந்தாள். நான் குழந்தைக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டேன். மழை விடட்டும் என்றுதான் நினைத்தேன். கண்ணை விழித்தபோது மழை விட்டிருந்தது, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், வாசலில் இவர் குடையோடு நின்று எங்களை எழுப்புவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.