வேலிக்கு மேல் வந்த கிளை

வெல்கோவுக்கு ருஸாங்கா அக்காமேல் இருந்த கோபம் இருபது வருஷப் பழசு. லாரியோடு வெளியூர் போய் ஒரு ஜூன் மாதம் திரும்பியபோது, அவன் வீட்டு லிண்டன் மரத்தில் மகள் இஸ்க்ராவின் ஊஞ்சல் தொங்கிய கிளையைக் காணோம். வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டு ருஸாங்கா அதை முழுசாகக் கிடத்தி, முக்காலியில் உட்கார்ந்து கஷாயத்துக்குப் பூப் பறித்துக்கொண்டிருந்தாள். கிளையை வெட்டிப் போட்டுப் பறிப்பதுதான் அங்கே எல்லோருக்கும் வழக்கம். ஆனால் அவரவர் மரத்தில்.

"நிழல் என் முற்றத்துலதானடா விழுது" என்றாள். அன்றோடு பேச்சு நின்றது.

ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்ந்தவள் அவள். புருஷன் போனபின் தனி ஆள். பரணில் பழைய படுக்கை விரிப்பைப் போட்டு, வெயில் படாமல் பூவைக் காயவைப்பாள். குளிர்காலத்தில் தெருவில் யாராவது இருமினால் போதும், அந்த வீட்டுக் கதவில் ஒரு பூப்பை தொங்கும். காய்ச்சலை இது விரட்டாது, தொண்டைக்கு இதமாக இறங்கும், அவ்வளவுதான் என்று அவளே சொல்வாள்.

வெல்கோ வீட்டுக் கதவிலும் வருஷம் தவறாமல் தொங்கியது. அவன் அதை எடுத்துப்போய் லாரிக் கொட்டகை ஆணியில் மாட்டிவிடுவான்.

"குடிக்கவும் மாட்டே, எறியவும் மாட்டே. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்க" என்பாள் மனைவி மலினா.

இந்தப் பிப்ரவரியில் ஃப்ளூ தெருவையே படுக்கப் போட்டது. ருஸாங்கா இருந்த பூவையெல்லாம் கொடுத்துத் தீர்த்துவிட்டுத் தானும் விழுந்தாள். டாக்டர் வந்து மாத்திரை கொடுத்தார். ஆனால் முந்தின நாளிலிருந்து ஒரு வாய் தண்ணீர் இறங்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஏதாவது குடிக்காவிட்டால் நகரத்து ஆஸ்பத்திரிதான் என்றார். அவள் புருஷன் அங்கே போய்த்தான் திரும்பி வரவில்லை. ருஸாங்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மலினாவும் இருமிக்கொண்டு கிடந்ததால் வெல்கோதான் போகவேண்டியிருந்தது. கொட்டகை ஆணியிலிருந்து இந்த வருஷத்துப் பையை எடுத்தான். பூவைக் கொதிநீரில் ஊறவிட்டு, ஆறியபின் தேன் கலந்து கொண்டுபோனான். தேக்கரண்டியை அவள் உதட்டருகே நீட்டினான்.

அவள் வாசனை பிடித்தாள். "உன் மரத்துப் பூ இல்லடா, பயப்படாதே. ஸ்டேஷன் ரோட்டுல பறிச்சது."

"வாயைத் திற, அக்கா" என்றான்.

ஒரு கரண்டி இறங்கியது. பிறகு இன்னொன்று. கால் அனலாய்க் கொதித்ததால், சூடு இறங்க அந்த ஊர் வழக்கப்படி தன் கம்பளிக் காலுறையைத் தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்துப் பிழிந்து மாட்டிவிட்டான்.

"என்னை ஊறுகாய் போடுறியா?"

"இவ்வளவு பழசு ஊறாதுக்கா."

சிரிக்கப் போய் இருமினாள். அவன் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். சாயங்காலம் டாக்டர் வந்தபோது கோப்பை காலியாக இருந்தது. நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரி வேண்டாம், இப்படியே குடிக்கக் கொடு, மூச்சு இரைத்தால் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெல்கோ கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினான். கதவருகே போனவனை அவள் கூப்பிட்டாள்.

"வேலிக்கு மேல மறுபடி கிளைங்க வந்திருக்கு. ஜூன்ல நீயே வெட்டி இந்தப் பக்கம் போடு. ரம்பம் இனி எனக்குக் கனம். தடிச்ச கிளையை மட்டும் விட்டுடு. இஸ்க்ராவோட குழந்தைக்கு ஊஞ்சல் கட்டணும்."