சுண்ணாம்பு பிடித்த கீசர்

எனக்குச் சீதனமாக எழுதப்பட்ட வீடு புத்தூரில் இருந்தது. கடைசிப் பெண்ணுக்குத் தாய்வீடு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டோடு என்னைப் பெற்ற ஐயாவும் வந்தார். ஐயாவோடு கீசரும் வந்தது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் கிணறும் பதினாறு தென்னையும் குறிக்கப்பட்டிருந்தன. மற்ற இரண்டையும் யாரும் எழுதவில்லை.

ஐயா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்துப் பென்சனோடு திரும்பியவர். அம்மா போன பிறகு அவருடைய முழங்கால் இரண்டும் வீங்கத் தொடங்கின. காலையில் நல்ல சூட்டில் குளிக்கச் சொல்லி டொக்டர் சொன்னார். அடுத்த மாதமே கொழும்பிலிருந்து ரயில் கோச்சியில் கீசர் வந்து குளியலறைச் சுவரில் ஏறியது. மின்சாரத்தில் தண்ணீர் சுடவைக்கும் அந்த வெள்ளைத் தாங்கி அக்கம்பக்கத்தில் வேறு யாரிடமும் இல்லை. பார்க்க வந்தவர்கள் குழாயைத் திறந்து, விரலைச் சுட்டுக்கொண்டு, திருப்தியோடு போனார்கள்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளிருந்து ஊறுவது. கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படியும். கீசருக்குள்ளும் அதுதான் நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச் சுருளில் கல் ஏறி, சூடு தண்ணீருக்குப் போகாமல், சுருளே எரிந்துவிடும். ஆரம்பத்தில் ஐயா தானே செய்தார். கை நடுங்கத் தொடங்கியதும் சுன்னாகத்திலிருந்து ஒருவர் வந்து செய்தார். அவர் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட, பக்கத்தில் நின்று ஸ்பனர் எடுத்துக் கொடுத்த என் கைக்கு அந்த வேலை வந்து சேர்ந்தது.

மெயின் சுவிச்சை நிறுத்தி, தாங்கியை வாளி வாளியாக வடித்து, அடித்தட்டிலுள்ள எட்டு நட்டுகளையும் கழற்றினால் சுருள் கையோடு வரும். அதை ஒரு பகல் வினாகிரியில் ஊறப்போட்டுச் சிரட்டைத் துண்டால் சுரண்டுவேன். இரும்பு பட்டால் கீறிவிடும். தாங்கிக்குள் முழங்கை வரை கையை விட்டு வெள்ளைச் சேற்றை அள்ளுவேன். லொறி டியூபில் வெட்டிய வாசரை வைத்து மறுபடி பூட்டுவேன். ஒரு நட்டு பிசகினாலும் சொட்டிக்கொண்டே இருக்கும்.

என் கணவர் கொழும்பில் ஒரு கந்தோரில் கிளாக்கர். வெள்ளவத்தையில் ஓர் அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒருமுறை மெயில் கோச்சியில் வந்து போனார். கலியாணமாகி மூன்று வருடம். பிள்ளை இல்லை. ஊர் அதையும் என் குறையாகத்தான் பேசியது. கரவெட்டியில் இருந்த அக்கா ஐயாவைத் தன்னோடு வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள். அது பெரிய வீடு, தண்ணீர் சுடவைத்துக் கொடுக்க நாலு பேர் இருந்தார்கள். ஆனால் அடுப்புத் தண்ணீர் நினைத்த நேரம் வராது என்று ஐயா மறுத்துவிட்டார். என்னை அவர் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. “போறதெண்டால் போ பிள்ளை. உதை ஆர் கழட்டிறது?” என்று மட்டும் கீசர் பக்கம் கைகாட்டிக் கேட்பார்.

கீசர் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியும் இல்லை என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. அதன் பிறகு நான் அதைக் கழற்றவில்லை. பிறநாட்டுச் சாமான்கள் வராத காலம் அது. சுருள் ஒன்று எரிந்தால் இன்னொன்று கிடையாது. ஐயா சந்தைப் பக்கம் போய்வரும் நாட்களில் வேலையை முடித்துவிட்டதாகப் பொய் சொன்னேன். சில மாதங்களில் தாங்கி உறுமத் தொடங்கியது, வயிற்றுவலிக்காரரைப் போல. குசினியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே கறிக்கு வெங்காயம் அரிவேன். எட்டாம் மாதம் ஒரு காலையில் பியூஸ் போனது. கழற்றிப் பார்த்தேன், சுருள் வெடித்திருந்தது. கொழும்புக்கு வரப்போகிறேன் என்று அன்றைக்கே கணவருக்குக் கடிதம் எழுதினேன்.

ஐயா கரவெட்டிப் பேச்சையே எடுக்கவில்லை. ஐந்து நாள் பச்சைத் தண்ணீரில் குளித்தார். ஆறாம் நாள் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை. நான் கிடாரத்தை அடுப்பில் ஏற்றினேன். மாரி மழை தொடங்கியிருந்தது. ஈரத் தென்னம்பாளையை ஊதி ஊதி, விடியுமுன் நாலு வாளி வெந்நீர் சுமந்தேன். முன்பு மூன்று மாதத்துக்கு ஒருநாள் இருந்த வேலை இப்போது தினமும் ஆயிற்று.

சில கிழமை கழித்து ஒரு மத்தியானம் ஐயா அந்தச் சுருளைக் கொண்டுவரச் சொன்னார். வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பாரம் பார்த்தார்.

“உது மூண்டு மாசத்துக் கல் இல்லைப் பிள்ளை.”

நகத்தால் ஒரு பொருக்கைப் பெயர்த்தார்.

“போகோணும் எண்டு வாய்திறந்து கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தால் விட்டிருப்பியளோ ஐயா?”

அவர் சுருளை என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு, “தெரியாது” என்றார்.

அடுத்த கிழமை அவரே அக்காவுக்குச் சொல்லியனுப்பி, கார் பிடித்துக் கரவெட்டிக்குப் போனார். நான் கொழும்புக்குப் போனேன். அங்கே நான் குடும்பம் நடத்தியது மொத்தம் பத்தொன்பது நாள். அப்போதுதான் அக்காவின் கடிதம் வந்தது. பிறர் வீட்டில் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று ஐயா தண்ணீர் கேட்பதில்லையாம். குளிப்பதேயில்லையாம். கால் மடங்கவில்லையாம். வா என்ற சொல் அதில் எங்கும் இல்லை. கணவர் வாசித்துவிட்டு மடித்து என்னிடமே தந்தார். நான் பெட்டியை அடுக்கினேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை என்பதை யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐயாவைப் புத்தூருக்குக் கூட்டிவந்தேன். அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் கிடாரம்தான். ஐயாவும் நானும் சுருளைப் பற்றிப் பேசவில்லை. மரியாதையாக நடந்துகொண்டோம். வெளிச் சாமான்கள் மறுபடி வரத் தொடங்கியபோது கணவர் கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் ஒரு சுருள் தேடி வாங்கி, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். அதை நானே பூட்டினேன். குழாயிலிருந்து முதல் சுடுதண்ணீர் கையில் விழுந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தச் சந்தோஷத்தோடேயே நான் இந்த வீட்டில் கிழவியாகிவிடுவேன் என்று உடனே பயம் பிடித்தது.

கணவர் வரவிருந்த பதவியுயர்வை விட்டுவிட்டு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு வந்தார். அதற்காக என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பாரமாக இருந்தது. வந்த மறுநாள் குளியலறைக்குள் போனவர் நெடுநேரம் வெளியே வரவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, “நல்லாய்த்தான் இருக்கு” என்றார், தோற்றுப்போனவரைப் போல.

இந்த வேலை இன்னொரு கைக்கும் தெரியட்டும் என்று அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்பனரை அவர் கையில் கொடுத்துத் தாங்கிக்குக் கீழே உட்காரவைத்தேன். அவர் இடதுகைக்காரர். முதல் நட்டைக் கழற்றுவதாக நினைத்து இன்னும் இறுக்கிவிட்டார். அதைத் தளர்த்த எங்கள் இருவருக்கும் ஒரு முற்பகல் போனது.