உருட்டுக்காரரின் வீர இறக்கம்

அந்த மலைப் பள்ளத்தாக்கில் சைக்கிள் வைத்திருந்தும் சைக்கிள் ஓட்டத் தெரியாத ஒரே மனிதர் ரொட்டிக்காரர்தான். மேல்தெரு பேக்கரியில் ரொட்டிகளைக் கூடையோடு சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு, கீழ்க் குடியிருப்புக்கு ஒற்றையடிப் பாதையில் உருட்டியபடியே இறங்குவார். திரும்பும்போதும் உருட்டல்தான். சின்ன வயதில் ஒருமுறை ஏறி, விழுந்து, முன்பல்லைப் பறிகொடுத்தவர். "ஏறினவன்தானே விழணும்?" என்பது அவர் சித்தாந்தம். ஊர் அவருக்கு 'உருட்டுக்காரர்' என்று பெயர் வைத்தது.

அந்தப் பாதை படுமோசம். நடுவில் ஒரு பாறை துருத்திக்கொண்டிருக்கும், மழைநீர் அறுத்த பள்ளங்கள் வேறு. சரிசெய்து கொடுங்கள் என்று கீழ்க் குடியிருப்புக்காரர்கள் கெஞ்சாத அதிகாரி இல்லை. ஒருவரும் அசையவில்லை. பிறகு எங்கிருந்தோ நாலு வெளியூர்க்காரர்கள் தடித்த டயர் சைக்கிளோடு வந்து, அந்தப் பாதையில் குதித்து, விழுந்து, ரத்தம் சொட்ட எழுந்து, "சொர்க்கம்!" என்றார்கள். அவ்வளவுதான். மறுமாதமே லாட்ஜ் முதலாளியின் தலைமையில் 'சாகசத் தடக் குழு' ஒன்று முளைத்தது. பாறையின் இருபுறமும் வேலி போட்டு, 'எமன் மூக்கு' என்று பலகை நட்டார்கள். பள்ளம் போதவில்லை என்று ஆள் வைத்து இன்னும் இரண்டு தோண்டினார்கள். கீழ்க் குடியிருப்பிலிருந்து பிரசவத்துக்கு மேலே வரும் பெண்கள் எமன் மூக்கைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

முதல் பந்தய நாளன்று பாதையை மூடப்போகிறோம் என்று ஊருக்கெல்லாம் சொன்னார்கள். விடிவதற்குள் வேலைக்குப் போகும் ரொட்டிக்காரருக்கு மட்டும் சொல்ல விட்டுப்போனது. அவர் பாட்டுக்குப் பாதி தூரம் உருட்டிக்கொண்டு வந்திருந்தார். மேலே விசில் சத்தம். திரும்பிப் பார்த்தால், தலைக்கவசம் போட்ட சாம்பியன் ஒருவன் இடிபோல் வந்துகொண்டிருக்கிறான். ஒதுங்க இடம் வேண்டுமே என்று ரொட்டிக்காரர் ஒரு காலைத் தூக்கி சைக்கிளின் மறுபக்கம் போட்டார். போட்ட கால் தரைக்கு எட்டவில்லை. சைக்கிள் கிளம்பிவிட்டது.

அதன்பின் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "அம்மா... அம்மா..." என்று அலறியபடி போனார். அந்த அலறலைக் கேட்டுப் பின்னால் வந்த சாம்பியன் மிரண்டு புதரில் இறங்கிவிட்டான். எமன் மூக்கில் சைக்கிள் எகிறியது. ரொட்டிகள் ஆகாயத்தில் பறந்தன. முடிவுக் கோட்டில் போட்டிருந்த வைக்கோல் குவியலில் அவர் தலைகீழாய்ச் செருகி நின்றபோது, கூட்டம் ஆர்ப்பரித்தது. கையில் போன் இல்லாதவர் யாரும் அங்கே இல்லை.

அன்று சாயங்காலத்துக்குள் அந்தக் காட்சியைப் பார்க்காதவர் உலகத்திலேயே ரொட்டிக்காரர் ஒருவர்தான். அவர் இடுப்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தார்.

மைக்கோடு ஒருத்தி வந்தாள். "இறங்கும்போது உங்க மனசுல என்ன ஓடுச்சு?"

"எங்கம்மாதான் ஓடினாங்க."

"கண்ணை மூடியிருந்தீங்களே, அது என்ன டெக்னிக்?"

"பயம்மா, பயம். எனக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது."

பக்கத்தில் நின்ற லாட்ஜ் முதலாளி அவர் தோளைத் தட்டி, "பாத்தீங்களா, என்ன ஒரு அடக்கம்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த வாரமே கண்ணை மூடிக்கொண்டு இறங்கும் முறை பரவி, சின்ன ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் துணி தீர்ந்துபோனது.

ரொட்டிக்காரர் உண்மையை இன்னும் நாலைந்து பேரிடம் சொல்லிப் பார்த்தார். செவிடன் காதில் ஊதிய சங்கு. சொல்லச் சொல்ல மரியாதைதான் கூடியது. அப்புறம் அவருக்கே அது பிடித்துவிட்டது. முடிவெட்டும் கடையில் வரிசையில் நிற்க விடுவதில்லை. இத்தனை வருஷம் ஒரு வார்த்தை பேசாத மச்சான், இரண்டு பேரை அழைத்து வந்து, "இவர்தான் என் அக்கா வீட்டுக்காரர்" என்று நெஞ்சை நிமிர்த்தினான். புகழ் என்பது சர்க்கரை நோய் மாதிரி, வந்தது தெரியாது, போகவும் போகாது. ரொட்டிக்காரர் மெல்ல மெல்லக் கதைக்கு உப்புக்காரம் சேர்க்க ஆரம்பித்தார். "அந்தப் பாறைகிட்ட வந்ததும் உடம்பை இப்படி லேசாச் சாய்க்கணும்..."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வரும். "சாய்ச்சுச் சாய்ச்சுத்தான் வைக்கோல்ல போய்ச் சொருகுனீங்களா?"

அவள் லாட்ஜில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை பார்ப்பவள். விருந்தாளிகளின் சேறு படிந்த கால்சட்டைகளைத் துவைத்துத் துவைத்து, எவன் எந்தத் திருப்பத்தில் விழுந்தான் என்று கறையைப் பார்த்தே சொல்லுவாள். கல்யாணத்துக்கு முன் சமவெளியில் வீடு வீடாய் சைக்கிளில் பேப்பர் போட்டவள். கட்டிக்கொண்டவருக்கு ஓட்டத் தெரியாதபோது தான் ஓட்டினால் நன்றாயிருக்காது என்று விட்டுவிட்டாள். அவரும் கேட்டதில்லை.

அடுத்த பருவம் தொடங்க இருந்தது. லாட்ஜ் முதலாளி ஒரு புது சைக்கிளோடும், முகத்தை முழுதாய் மூடும் தலைக்கவசத்தோடும் வீட்டுக்கே வந்தார்.

"தலைவரே, இந்தத் தடவை தொடக்க விழா உங்க கையிலதான். முதல்ல நீங்க இறங்குறீங்க, அப்புறம்தான் மத்தவங்க. வெளிநாட்டுல இருந்தெல்லாம் வர்றாங்க."

"ஐயா, எனக்கு இடுப்பு..."

"இடுப்பெல்லாம் சரியாப் போயிடும். தடத்துக்கே உங்க பேரைத்தான் வைக்கிறோம்."

அவர் போனதும் ரொட்டிக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் மனைவி.

"ஊரை விட்டே போயிடலாமா?"

"எங்க போறது? உங்க மூஞ்சிதான் எல்லார் போன்லயும் இருக்கே."

"அப்ப சாக வேண்டியதுதான்."

அவள் தலைக்கவசத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலையில் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். "இதுக்குள்ள யாரு இருக்காங்கன்னு தெரியுதா?"

"தெரியல."

"நானே போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?"

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சது, எனக்கு ஓட்டத் தெரியும். ஆளுக்கு ஒரு வேலை."

அன்றிலிருந்து வேலைக்குப் போகுமுன், மூடுபனிக்குள் அவள் புது சைக்கிளோடு கிளம்பினாள். முழங்கையில் சிராய்ப்போடு வருவாள். ஒருநாள் உதடு கிழிந்து வந்தாள். ரொட்டிக்காரர் மருந்து போட்டபடி, "வேணாம்மா, சொன்னாக் கேளு" என்பார். அவளோ கண்கள் மின்ன, "அந்த ரெண்டாவது பள்ளத்துல பிரேக்கைத் தொடவே கூடாதுங்க. விட்டுடணும்" என்பாள். அப்படி ஒரு சிரிப்பை அவர் அவள் முகத்தில் பார்த்துப் பல வருஷமாகியிருந்தது.

விழா நாள் வந்தது. அவர் பேக்கரியின் மாவறைக்குள் ஒளிந்துகொள்ள வேண்டும், அவள் அவருடைய சட்டையும் வயிற்றில் சுற்றிய துண்டுமாய் இறங்க வேண்டும், முடிந்ததும் 'இடுப்புவலி' என்று சைகை காட்டிவிட்டுப் போய்விட வேண்டும். இதுதான் ஏற்பாடு. ஏற்பாட்டில் ஓட்டை இருந்தது மாவறைக்குள்தான். மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவருக்கு மேலே விசில் ஊதுவது கேட்டது. கூட்டத்தின் சத்தம் எழுந்தது. சட்டென்று சத்தம் அடங்கியது. அந்த அமைதிதான் அவரைக் கொன்றது. விழுந்துவிட்டாளா? எமன் மூக்கிலா?

அதன்பின் அவர் யோசிக்கவில்லை. கதவைத் தள்ளித் திறந்து, செங்குத்தான குறுக்குச் சரிவில் தலைதெறிக்க ஓடினார். தலைமுதல் கால்வரை வெள்ளை மாவு. முடிவுக் கோட்டுக்கு வந்து, மூச்சு வாங்க, கூட்டத்தைப் பிளந்துகொண்டு லாட்ஜ் முதலாளியின் பக்கத்தில் நின்றார். "என்னாச்சு? விழுந்துட்டாளா?"

லாட்ஜ் முதலாளி அவரைப் பார்த்தார். மேலே திருப்பத்தில் வந்துகொண்டிருந்த சைக்கிளைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"நீங்க இங்க இருந்தா... அப்ப வர்றது யாரு?"

"என் பொண்டாட்டிங்க."

முதலாளி கையிலிருந்த மைக் திறந்திருந்தது. ஊரே கேட்டது.

அவள் இரண்டாவது பள்ளத்தில் பிரேக்கைத் தொடாமல் பறந்து, வைக்கோலுக்கு முன்னால் அலுங்காமல் நின்றாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். புருஷன் பேய்போல் வெள்ளையாய் நிற்பதைப் பார்த்ததும், "ஏங்க, உங்களை உள்ள இருக்கத்தானே சொன்னேன்?" என்றாள்.

லாட்ஜ் முதலாளி லேசுப்பட்டவரா? தொண்டையைச் செருமி, "இத்துடன் மகளிர் பிரிவு இனிதே தொடங்கி வைக்கப்பட்டது!" என்று முழங்கினார். கைதட்டல் பள்ளத்தாக்கை நிறைத்தது. ரொட்டிக்காரர் மைக்கைப் பிடித்து, "எனக்கு ஓட்டவே தெரியாதுங்க, போன வருஷம் கூட..." என்று ஆரம்பித்தார். கேட்க ஆளில்லை. எல்லோரும் அவளைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சாம்பியன் அவளிடம் பள்ளத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தான். மச்சான் கூட்டத்தை விலக்கி வந்து, "இவங்க என் சொந்த அக்கா" என்றான்.

நிபுணர்கள் மட்டும் கொஞ்சம் குறைபட்டுக்கொண்டார்கள். இறக்கத்தில் பிசகில்லைதான், ஆனால் போன வருஷத்து ஆவேசம் இல்லையாம்.

இப்போது அவள் துணி வெளுக்கப் போவதில்லை. பெண்களுக்குத் தடத்தில் இறங்கக் கற்றுத் தருகிறாள். முதல் பாடமே கண்ணைத் திறந்து வைத்திருப்பதுதான். குழுக் கூட்டத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி கிடைத்தபோது, பிரசவத்துக்கு வரும் பெண்களுக்குத் தனிப் பாதை வேண்டும் என்று கேட்டாள். பரிசீலிக்கிறோம் என்றார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்டாள். இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ரொட்டிக்காரரை முடிவெட்டும் கடையில் மறுபடி வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார்கள். முதல் தடவை கொஞ்சம் சுருக்கென்று இருந்தது. அப்புறம், நின்றுகொண்டிருக்கையில் பக்கத்திலிருந்தவர், "நீங்க அந்தம்மா வீட்டுக்காரர்தானே?" என்று கேட்டார். "ஆமாங்க" என்றார். அந்தப் பதிலில் சேர்ப்பதற்கு உப்பும் தேவைப்படவில்லை, காரமும் தேவைப்படவில்லை.